கப்பலில் வந்த ருசி: தூத்துக்குடியில் இரண்டு நாள்

இத்தாலி நாட்டில் வெனிஸ் என்று ஒரு துறைமுகப் பட்டினம் உண்டு. அங்கே தெருவுக்குப் பதில் கால்வாய். வண்டிக்குப் பதில் படகு. அந்த ஊர் வியாபாரியான மார்க்கோ போலோ, சீன தேசத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், 1292-ம் ஆண்டு வாக்கில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்டார். அந்தக் கரையில் இருந்த காயல் என்ற துறைமுகத்தைப் பற்றிப் பிற்பாடு சொல்லி எழுத வைத்தார்.

அவர் அதைச் சொன்ன இடம் ஜெனோவா. அதுவும் இத்தாலியின் துறைமுகம்தான். வெனிசுக்கும் ஜெனோவாவுக்கும் நடந்த சண்டையில் பிடிபட்டு, அங்கே சிறையில் கிடந்தார் மார்க்கோ போலோ. கூட இருந்த பைசா நகரத்துக் கைதி ஒருவர், அவர் சொல்லச் சொல்ல அந்தப் பயணக் கதையை 1298-ம் ஆண்டில் எழுதினார்.

காயலில் வெனிஸ்காரர் கண்டது என்ன? அரபுக் கரையில் இருந்து குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள். ரத்தினமும் முத்தும் அணிந்த அரசன். இவற்றோடு ஒரு சின்ன விஷயத்தையும் அவர் கவனித்தார். ஊர் மக்கள் எந்நேரமும் ஓர் இலையை மென்று கொண்டே இருக்கிறார்களாம். அதில் கற்பூரமும் வாசனைச் சரக்கும் சுண்ணாம்பும் சேர்க்கிறார்களாம். நம்முடைய வெற்றிலைதான்!

ஓர் ஊரை அறிய அங்குள்ள மாளிகைகளைப் பார்த்தால் மட்டும் போதாது. அந்த ஊர் மக்கள் எதை ருசிக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். இது அந்த வெனிஸ்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் கண்ட கரை இன்றைய தூத்துக்குடி மாவட்டம். இத்தாலிக்குப் போய்த் துறைமுகம் பார்க்க எல்லோராலும் முடியாது. தூத்துக்குடியைப் பார்க்கவும் ருசிக்கவும் ஒரு ரயில் டிக்கெட் போதும்.

ஒரே ரயில்

ஸ்ரீராம்புரத்தில் இருந்து கிளம்புவோருக்கு வழி சுலபம். மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் மெஜஸ்டிக். அருகிலேயே சிட்டி ஸ்டேஷன். இப்போது அது சங்கொள்ளி ராயண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மைசூரில் இருந்து வரும் தூத்துக்குடி எக்ஸ்பிரசில் இரவு ஏறினால், ஓசூர், தருமபுரி, சேலம், திண்டுக்கல், மதுரை என்று ஓடி, மறுநாள் முற்பகலில் தூத்துக்குடியில் கொண்டு போய் விடும். நடுவே வண்டி மாற வேண்டியதில்லை. பொங்கல், தீபாவளி சமயங்களில் மட்டும் முன்பதிவு செய்யாமல் ஸ்டேஷன் பக்கம் போவது வீண்.

முற்பகல் இறங்கினால் அன்றைய மாலையும் இரவும் ஊருக்குள். மறுநாள் விடியற்காலை உப்பளம், பகலில் திருச்செந்தூர் சாலை. இரண்டு நாளில் முக்கியமானவற்றைப் பார்த்து விடலாம்.

பார்ப்பதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக் கொள்வது நல்லது. இந்த ஊர் பெருமையாகச் சொல்லும் பண்டங்களில் பல, வேறு தேசத்தில் இருந்து கப்பலில் வந்தவை. வந்ததை ஊர் மக்கள் தங்கள் கைவேலையால் தங்களுடையது ஆக்கிக் கொண்டார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து வேர் பிடித்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

கரை நகர்ந்த கதை

தூத்துக்குடிக்கு முன்னால் இந்தக் கரையில் இரண்டு பெரிய துறைமுகங்கள் இருந்தன. முதலாவது கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறை. 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமிகளும் இதன் பெயரைக் குறித்து வைத்தார்கள். தாமிரபரணி ஆறு கொண்டு வந்து கொட்டிய வண்டல் மண் கரையை மேடாக்கி, கடலை விலக்கிக் கொண்டே போயிற்று. இன்று கொற்கை கடலைப் பார்க்க முடியாத ஓர் உள்நாட்டுக் கிராமம். சுற்றிலும் வயலும் வாழையும்தான்.

அடுத்து வந்தது காயல். மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல், இன்று பழையகாயல் என்று வழங்கும் ஊரே என்பது அறிஞர் கால்டுவெல் கண்ட முடிவு. அதையும் மண் மூடியது. அதன் பிறகே வடக்கே இருந்த தூத்துக்குடிக்கு யோகம் அடித்தது.

இத்தாலியிலும் இதே கதை உண்டு. மார்க்கோ போலோவின் கதையை எழுதியவரின் ஊரான பைசா, ஒரு காலத்தில் கப்பல் படை வைத்திருந்த பட்டினம். ஆர்னோ ஆற்றின் வண்டல் அதையும் கடலில் இருந்து பிரித்து விட்டது. இன்று அங்கே போகிறவர்கள் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். கடலைத் தேடிப் போவதில்லை.

கூம்பு வடிவ இனிப்பு

தூத்துக்குடி என்றதும் நாவில் வரும் பெயர் மக்ரூன். கையளவு கூட இல்லாத வெள்ளைக் கூம்பு. வாயில் போட்டால் முதலில் மொறுமொறுப்பு. அடுத்த நொடி கரைந்து போகும். கடைசியில் முந்திரி மணம் மட்டும் நிற்கும்.

இதில் சேர்வது 3 பொருள்களே. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு. மைதா கிடையாது. நெய், எண்ணெய் கிடையாது. தண்ணீர் கூடக் கிடையாது.

பொருள் குறைவு, வேலை அதிகம். முட்டையை உடைத்து வெள்ளைக்கருவை மட்டும் பிரிக்க வேண்டும். மஞ்சள் கரு கலந்து விட்டால் நுரை சரியாக எழும்பாது. சர்க்கரை சேர்த்து அடிக்க அடிக்க வெள்ளைக்கரு பஞ்சு போல் பொங்கி, பாத்திரத்தைச் சாய்த்தாலும் விழாமல் நிற்கும். அந்தப் பதத்தில் பொடித்த முந்திரியை நுரை அமுங்காமல் கலப்பார்கள். கலவையைத் தட்டில் சிறு சிறு கோபுரங்களாகப் பிழிந்து, தணிந்த சூட்டில் நெடுநேரம் அடுப்பில் வைப்பார்கள். வேக வைக்கிறார்கள் என்பதை விட உலர வைக்கிறார்கள் என்பதே பொருந்தும். சூடு ஏறினால் நிறம் மாறிவிடும். குறைந்தால் உள்ளே பிசுபிசுக்கும்.

இந்தப் பண்டத்தின் பெயர் இத்தாலியில் பிறந்தது. நேப்பிள்ஸ் துறைமுகத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மக்ரோனியும், நம் மக்ரூனும் ஒரே சொல்லின் இரண்டு கிளைகள். ஐரோப்பாவில் வெள்ளைக்கருவோடும் சர்க்கரையோடும் சேர்த்தது வாதுமைப்பருப்பு. தூத்துக்குடிக்கு வாதுமை எங்கே கிடைக்கும்? பக்கத்துக் கேரளக் கரையில் முந்திரி விளைந்தது. வாதுமை போன இடத்தில் முந்திரி வந்து உட்கார்ந்தது. போர்த்துக்கீசியர் காட்டிக் கொடுத்த இனிப்பு இது என்று ஊரில் சொல்வது வழக்கம்.

அந்த முந்திரியும் நம் மண்ணின் மரம் அல்ல. பிரேசில் நாட்டில் இருந்து போர்த்துக்கீசியர் கொண்டு வந்தது. இத்தாலியப் பெயர், ஐரோப்பியப் பக்குவம், பிரேசில் மரம், தூத்துக்குடிக் கை. இந்த நான்கும் சேர்ந்ததுதான் மக்ரூன். இன்று அதைத் தூத்துக்குடிப் பண்டம் என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. ஹாசன் பக்கத்தில் இருந்து வந்தவர்கள் ஐயங்கார் பேக்கரிகளைத் திறந்து, அவற்றைப் பெங்களூரின் அடையாளமாகவே ஆக்கிவிடவில்லையா? அது போல.

சுடும் கரையில் பனி மாதா

பழைய துறைமுகத்துக்கு அருகே நிற்கிறது பனிமய மாதா பேராலயம். வெயில் சுட்டெரிக்கும் இந்த ஊரில் பனிக்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பது உண்டு. அதற்கு விடை ரோமாபுரியில் இருக்கிறது. அங்கே 4-ம் நூற்றாண்டில், கொளுத்தும் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு குன்றின் மேல் பனி பெய்ததாகவும், பனி விழுந்த இடத்தில் மாதாவுக்குக் கோவில் எழுந்ததாகவும் கிறிஸ்தவ மரபு சொல்கிறது. அந்த மாதாவே தூத்துக்குடியில் பனிமய மாதா.

இந்தக் கரையின் பரதவ மக்கள் 1530-களில் கிறிஸ்தவம் தழுவினார்கள். மாதாவின் சொரூபம் 1555-ம் ஆண்டு மணிலாவில் இருந்து கப்பலில் வந்தது என்பது வழிவழி வந்த செய்தி. இப்போதுள்ள ஆலயம் 1713-ல் எழுந்தது. 1806-ல் முதன்முதலாகத் தங்கத்தேர் ஓடியது. 1982-ல் ரோமாபுரி இதைப் பேராலயமாக உயர்த்தியது. ஆண்டுதோறும் ஜூலை 26-ல் கொடியேறி, ஆகஸ்ட் 5-ல் திருவிழா முடியும். தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. 2013-ல் ஓடியது, 2023-லும் ஓடியது. வடம் பிடிக்க எல்லா மதத்தினரும் வருவார்கள். ஊருக்குள் சங்கரராமேசுவரர் கோவிலையும், அதன் அருகில் உள்ள பெருமாள் கோவிலையும் அதே நடையில் தரிசித்து விடலாம்.

போர்த்துக்கீசியர் விட்டுப் போனவை கோவிலும் தின்பண்டமும் மட்டுமல்ல. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, ஏலம், அன்னாசி எல்லாம் அவர்கள் மொழியில் இருந்து நம் வாய்க்கு வந்தவை. கட்டட வேலைக்குப் போகிறவர்கள் தினமும் பத்துத் தடவை சொல்லும் 'மேஸ்திரி' கூட அப்படி வந்ததே!

வந்தவர்களில் சிலர் தாங்களே மாறிப் போனதும் உண்டு. இத்தாலியில் 1680-ல் பிறந்த பெஸ்கி பாதிரியார், இந்த மாவட்டத்தில் கோவில்பட்டிப் பக்கம் உள்ள காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர். தமிழைக் கற்றார், அகராதி செய்தார், காவியம் பாடினார். இன்று அவரைப் பெஸ்கி என்று சொன்னால் பலருக்குத் தெரியாது. வீரமாமுனிவர் என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

முத்தும் சங்கும்

முத்துநகர் என்பது தூத்துக்குடியின் பட்டப் பெயர். காலில் கல்லைக் கட்டிக் கொண்டு, மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய்ச் சிப்பி எடுத்தவர்களின் உழைப்பில் வந்த பெயர் அது. மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவன் கையில்தான் குளிப்பவன் உயிர். அதனால் மைத்துனனிடமே கயிற்றைக் கொடுப்பார்கள் என்று சொல்வது உண்டு. அக்காள் தாலிக்கு அவனை விடக் காவல் யார்?

அந்தத் தொழில் இப்போது இல்லை. மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல் கடைசி. 1973-ல் தூத்துக்குடிக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து முத்து விளைவித்தது, இந்தியாவிலேயே முதல் முயற்சியாக வெற்றி பெற்றது. கடைத்தெருவில் முத்து வாங்க விரும்புவோர், எல்லாம் இந்தக் கடலில் எடுத்தவை என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம்.

சங்கு குளித்தல் வேறு. இந்தக் கடல் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகும். அங்கே கலியாணமான பெண்ணின் கையில் சங்கு வளையல் இருக்க வேண்டும். இங்கே மூச்சடக்கியவனின் உழைப்பு அங்கே மங்கலச் சின்னம்.

மரக்கட்டை மாதிரி ஒரு மீன்

மாலையில் பழைய துறைமுகப் பக்கம் நடந்தால், மரத்தால் செய்த பெரிய தோணிகளைக் காணலாம். காய்கறி, கல், மணல், கட்டுமானச் சாமான்களை ஏற்றி மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போய் வருபவை. அந்த மாலத்தீவுத் தொடர்பு தூத்துக்குடி அடுக்களையிலும் இருக்கிறது. அதன் பெயர் மாசி.

சூரை மீனைச் சுத்தம் செய்து, வேக வைத்து, மரக்கட்டை போல் இறுகும் வரை காய வைத்தால் அது மாசி. மாலத்தீவு மொழியில் மீனுக்கு 'மஸ்' என்று பெயர். இதை இடித்துத் தூளாக்கி, தேங்காய், மிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்துச் சம்பல் செய்வார்கள். வெறுஞ்சோற்றுக்கு அது ஒன்றே போதும். மாதக் கணக்கில் கெடாது என்பதால், கடலில் நாள் கணக்கில் கிடப்பவர்களுக்கும், வெளியூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுபவர்களுக்கும் கை கொடுக்கும் பண்டம் இது.

மதியச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு. பெங்களூரில் வஞ்சிரம் என்று வாங்குவதை இங்கே சீலா என்று கேட்க வேண்டும். விலை கூடுதல் என்று தோன்றினால் சாளையும் நெத்திலியும் இருக்கின்றன. குறைந்த காசில் குழம்பு மணக்கும்.

உப்புக்கு யார் கொடுத்த விலை

நகரை விட்டு வெளியே எந்தத் திசையில் போனாலும் வெள்ளை மேடுகள் கண்ணில் படும். அவை உப்பு அம்பாரங்கள். இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டில் முதலிடம் தூத்துக்குடிக்கு. ஸ்ரீராம்புரம் வீடுகளில் உலையில் விழும் உப்பும் இந்தப் பாத்திகளில் விளைந்ததாக இருக்கலாம்.

நிலத்தடியில் இருந்து உவர்நீரை இறைத்துத் தெப்பங்களில் தேக்குவார்கள். அது வெயிலில் சுண்டி அடர்த்தியானதும் பாத்திகளில் பாய்ச்சுவார்கள். சில நாட்களில் உப்பு பூக்கும். அதைப் பலகையால் வாரி வரப்பில் சேர்ப்பார்கள். கடலும் வெயிலும் இலவசம். மனித உழைப்புக்குத்தான் விலை. அந்த விலையும் என்றைக்கும் குறைவு.

வெயிலுக்கு முன் வேலையை முடிக்க, இருட்டிலேயே அளத்துக்கு வந்து விடுவார்கள் தொழிலாளர்கள். ஆணும் பெண்ணும் உவர்நீரில் நின்று நின்று கால் வெடிக்கும். உப்பின் மேல் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தி கரைந்து போகும். கூடவே கூலியும் கரைந்து போகும். பொங்கல் கழிந்துதான் மறுபடி வேலை சூடு பிடிக்கும். படம் எடுக்கப் போகிறவர்கள் இதையும் தெரிந்து கொண்டு போக வேண்டும். பார்க்க வேண்டியது காலை 6 மணிக்கு. அப்போது அவர்கள் வேலையில் பாதி முடிந்திருக்கும்.

தொழில் வளர்ந்த ஊர் என்பதற்கு இந்த நகரம் வேறு விலையும் கொடுத்திருக்கிறது. தாமிர உருக்காலையை எதிர்த்து நடந்த போராட்டத்தின் 100-வது நாளான 2018 மே 22-ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அதே மாதத்தில் ஆலையை மூட அரசு உத்தரவிட்டது.

25 ரூபாய்ப் பங்கு, இரண்டு கப்பல்

தூத்துக்குடிக்கு வருகிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய பெயர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கம்பெனி மட்டுமே கப்பல் விட்டுக் கொண்டிருந்த காலம் அது. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார் வ.உ.சி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். மறு ஆண்டு காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிச் செல்லத் துணிந்தது.

கப்பலை விட ஸ்ரீராம்புரம் வாசகர்களுக்கு நெருக்கமானது கோரல் மில் வேலை நிறுத்தம். தூத்துக்குடியில் வெள்ளைக்காரர் நடத்திய நூல் ஆலை அது. நீண்ட நேர வேலை, அற்பக் கூலி, வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி 27-ல் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். ஊர் மக்கள் அவர்களுக்குச் சோறு போட்டார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

பின்னி மில், ராஜா மில், மினர்வா மில் சங்கு ஊதும் சத்தத்தில் கண் விழித்த குடும்பங்கள் ஸ்ரீராம்புரத்திலும் அதைச் சுற்றியும் எத்தனையோ. அந்த மில்கள் இன்று இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லீவு எப்படி வந்தது என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்லத் தூத்துக்குடியில் ஒரு கதை இருக்கிறது.

கோரல் மில் வெற்றி கிடைத்த சில நாட்களிலேயே வ.உ.சி. கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை. அப்பீலில் 6 ஆண்டாகக் குறைந்தது. சிறையில் செக்கிழுத்தார். அவர் வெளியே வந்த 1912-ல் கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியிலேயே காலமானார். 1974-ல் பெரிய துறைமுகம் என்ற தகுதி பெற்ற தூத்துக்குடித் துறைமுகத்துக்கு, 2011-ல் அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் தொடங்கிய கொழும்புப் பயணிகள் கப்பல், நவம்பரிலேயே நின்றது. அவர் பிறந்த ஒட்டப்பிடாரத்தில் நினைவு இல்லம் இருக்கிறது. பஸ்சில் போய் வரலாம்.

இன்னொரு கூட்டத்தையும் இந்தக் கரையில் நினைக்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களில் ஏராளமானோர் கப்பலேறியது இங்கேதான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி வழி ஏற்படும் வரை, சென்னையில் இருந்து கொழும்பு போகிறவர்களுக்கும் தூத்துக்குடியே வாசல்.

இரவு 'கிளப்'

இரவானதும் ஊரில் எங்கு பார்த்தாலும் தோசைக்கல் சத்தம். 'நைட் கிளப்' என்று போர்டு கண்டு யாரும் மிரள வேண்டாம். இந்த ஊரில் அது பரோட்டாக் கடை! சாப்பாட்டுக் கடையைக் கிளப் என்று சொல்லும் பழைய வழக்கம் இங்கே இன்னும் போகவில்லை.

இங்கே கேட்க வேண்டியது பொரிச்ச பரோட்டா. எண்ணெயில் முறுக விட்டு எடுத்து, இலையில் நொறுக்கிப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றுவார்கள். பாதி ஊறியும் பாதி மொறுமொறுப்பாகவும் இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். பேச்சுக் கொடுத்தால் ருசி போய்விடும்.

சாப்பிட்ட பின் குடிக்கும் தண்ணீருக்கும் ஒருவரை நினைக்க வேண்டும். கடல் சூழ்ந்த இந்த ஊர் ஒரு காலத்தில் குடிதண்ணீருக்குத் தவித்தது. வல்லநாட்டில் இருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டு வரப் பாடுபட்டவர் நகரசபைத் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து. அவருக்கு ஊரில் சிலை இருக்கிறது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த பெங்களூர்க்காரர்களுக்கு அந்தச் சிலையின் அருமை புரியும்.

திருச்செந்தூர் சாலையில்

மறுநாள் திருச்செந்தூர் பஸ்சில் ஏறினால், வழியில் பழையகாயல், ஆத்தூர், காயல்பட்டினம் என்று வரிசையாக வரும். மார்க்கோ போலோ கண்ட காயலில் இன்று குதிரையும் இல்லை, கப்பலும் இல்லை. ஆனால் அவர் கண்ட இலை இருக்கிறது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 700 ஆண்டுகளில் துறைமுகம் மண்ணுக்குள் போயிற்று, அரசு போயிற்று, கொடிக்காலில் வெற்றிலை மட்டும் தழைத்துக் கொண்டிருக்கிறது.

காயல்பட்டினம் முஸ்லிம் மக்கள் நிறைந்த பழைய ஊர். கடல் கடந்து வியாபாரம் செய்த குடும்பங்கள். கலியாண வீட்டில் நெய்ச்சோறு, களறிக் கறி, கத்தரிக்காய், புளியாணம் என்று விருந்து நடக்கும். ஒரே பெரிய தட்டைச் சுற்றிச் சிலர் சேர்ந்து உட்கார்ந்து உண்பது வழக்கம். ஒரு தட்டில் கை வைத்தவர்களுக்குள் பெரியவர், சிறியவர் இல்லை. அழைப்பு இருந்தால்தான் இந்த விருந்து கிடைக்கும், கடையில் கிடைக்காது.

திருச்செந்தூரில் கடலோரத்திலேயே முருகனைத் தரிசித்து விட்டு, அப்படியே உடன்குடி, முதலூர் வரை போகலாம். உடன்குடி கருப்பட்டிக்குப் பெயர் போனது. முதலூரில் மஸ்கோத் அல்வா. தேங்காய்ப் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கிளறுவது. மஸ்கட் என்ற அரபுத் துறைமுகத்தின் பெயர் அதில் ஒலிக்கிறது. இங்கேயும் ஒரு கப்பல் வாசனை!

வாங்கி வர

மக்ரூனை ரயில் ஏறுகிற அன்று வாங்குவதே நல்லது. ஈரக்காற்று பட்டால் இளகிவிடும். மூடி இறுக்கமான டப்பாவோடு போனால், பெங்களூர் வந்து சேரும் வரை மொறுமொறுப்புக் குறையாது. கனமான பையை அதன் மேல் வைத்தால் தூள்தான் மிஞ்சும். மாசியைத் தனியாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மக்ரூனும் மீன் மணக்கும். ரயிலில் பக்கத்தில் இருப்பவரும் முறைப்பார். கருப்பட்டி எப்படி வந்தாலும் வந்து சேரும்.

ஸ்ரீராம்புரத்தில் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பிள்ளைகள் கேட்பார்கள், இது எந்த ஊர்ப் பண்டம் என்று. தூத்துக்குடி என்று சொன்னால் அது சரியான பதில். அதற்குப் பின்னால் பிரேசில் மரமும் இத்தாலிப் பெயரும் இருக்கின்றன என்று சேர்த்துச் சொன்னால் முழுப் பதில். எங்கிருந்து வந்தது என்பது ஒரு பொருளின் பாதிக் கதைதான். வந்த இடத்தில் யார் கைபட்டு என்ன ஆயிற்று என்பது மீதிக் கதை. மனிதருக்கும் அப்படித்தான்.